ஆறாட்டுக்கு அஞ்சு மணி நேரம், ஹெலிகேமுக்கு எவ்வளவு?

எங்க அக்கா மவளுக்கு தை மாசம் கல்யாணம் வச்சிருந்தோம், அதுக்கு முந்தி சேவ் த டேட் வீடியோ எடுத்தே ஆகணும்னு பொண்ணும் மாப்பிள்ளையும் ஒத்தக்கால்ல நின்னாங்க. இப்பம் குமரி மாவட்டத்துல அது இல்லாம கல்யாணமே இல்லேன்னு ஆகிப்போச்சு. மார்த்தாண்டத்துல இருந்து ஸ்டுடியோ தம்பி ஒருத்தன், அவனுக்கு ஒரு கையாளு, பொண்ணு மாப்பிள்ளை, கூட பெரியவங்க யாராவது வேணுமேன்னு தாய்மாமன் நான், இத்தனை பேரும் விடியக்காலம் களியக்காவிளை தாண்டி திருவனந்தபுரம் சங்குமுகம் கடற்கரைக்கு போயாச்சு. நம்ம ஊர்லதான் முட்டம், சொத்தவிளைன்னு கடலுக்கு பஞ்சமே இல்லையே, பிறகு எதுக்கு இவ்வளவு தூரம்னு கேட்டா, பிளைட்டுக்காம். மாப்பிள்ளை துபாய்ல வேலை, அதனால ரெண்டு பேரும் மணல்ல நடந்து போகும்போது பின்னாடி ஒரு பிளைட் இறங்கணும், அதை மேல இருந்து ஹெலிகேம்ல எடுக்கணும், அதான் பிளான்.

தம்பி பையில இருந்து உள்ளங்கை அளவு ட்ரோனை எடுத்து, கைய விரிச்சு, பேட்டரி சொருகி மணல்ல வச்சான். போன்ல ஆப்பை திறந்தா ஸ்க்ரீன் முழுக்க செவப்பு வட்டம். நான் கேட்டேன், "தம்பி, இது பிரச்சனை ஆவாதா?" அவன் சிரிச்சுகிட்டே, "அண்ணே, இது 249 கிராம்தான். 250க்கு கீழ உள்ளதுக்கு பெர்மிஷன் ஒண்ணும் வேண்டாம்ணே." றெக்கை சுத்த ஆரம்பிச்சிட்டு, இன்னும் மேல கிளம்பல, அதுக்குள்ள பின்னாடி இருந்து ஒரு போலீஸ்காரர் வேகமா நடந்து வந்துட்டார். "எந்தா சேட்டா இது, ஏர்போர்ட்டல்லே அப்புறத்து? எடுக்கண்டா, எடுக்கண்டா." திட்டல, கேஸ் போடல, பேரும் போன் நம்பரும் எழுதிகிட்டு பேட்டரியை கழட்ட சொல்லிட்டு பக்கத்துலயே நின்னார். கடைசில கையில புடிக்கிற கேமராலயே எடுத்துட்டு வந்தோம். பொண்ணு திரும்பி வர்ற வழியெல்லாம் மூஞ்சி தூக்கி வச்சிருந்தா.

எனக்கு அன்னைக்கு ராத்திரி தூக்கம் வரல. ஒரு தேங்கா அளவு கூட வராத இந்த சாமானுக்கு இவ்வளவு பெரிய ஏர்போர்ட் ஏன் பயப்படுது, நிஜமாவே ஒருத்தன் கிளப்பி விட்டுட்டா இவங்க என்னதான் பண்ணுவாங்கன்னு படிக்க ஆரம்பிச்சேன். படிச்சு முடிச்சப்போ மனசுல நின்னது ஒரே விஷயம்தான்: ட்ரோனை கீழ தள்றதை விட, அங்க ட்ரோன் இருக்கா இல்லையான்னு உறுதியா சொல்றதுதான் பெரும்பாடு.

முதல்ல பயம் எதுக்குன்னு பாப்போம். பறவை மோதுறது புதுசு இல்ல, திருவனந்தபுரத்துல பருந்தும் காக்காவும் எப்பவும் தலைவலிதான், கடலோரம், மீன் கழிவு, இறைச்சி கழிவுன்னு அதுங்களுக்கு சாப்பாட்டுக்கு குறையே இல்ல. அதனால பிளைட் இன்ஜினுக்கு சர்டிபிகேட் குடுக்கும்போதே பறவையை உள்ள விட்டு டெஸ்ட் பண்ணிதான் குடுப்பாங்க. ஆனா பறவைங்கறது சதையும் தண்ணியும். ட்ரோனுக்குள்ள இருக்கறது மோட்டார், லித்தியம் பேட்டரி, கேமரா, எல்லாம் கட்டி. 2018ல அமெரிக்காவுல டேட்டன் பல்கலைக்கழக ஆராய்ச்சிக்காரங்க ஒரு கிலோவுக்கு கொஞ்சம் கம்மியான ஒரு ட்ரோனை மணிக்கு 383 கிலோமீட்டர் வேகத்துல ஒரு சின்ன விமானத்தோட றெக்கை மேல எறிஞ்சு பாத்தாங்க, அது முன்பக்கத்தை கிழிச்சுகிட்டு உள்ள போய் முக்கிய தாங்கு சட்டத்தையே சேதப்படுத்திச்சு. ட்ரோன் கம்பெனி, இந்த வேகமெல்லாம் நிஜத்துல நடக்காத வேகம்னு சண்டைக்கு போச்சு, அந்த வாதத்துலயும் நியாயம் இல்லாம இல்ல. ஆனா நிஜத்துலயும் மோதிருக்கு: 2017 அக்டோபர் 12ம் தேதி கனடால கியூபெக் ஏர்போர்ட்டுக்கு வந்துகிட்டிருந்த, 8 பேர் இருந்த சின்ன விமானத்துல ஒரு ட்ரோன் மோதிச்சு, லேசான சேதத்தோட பத்திரமா இறங்கிட்டாங்க. 2025 ஜனவரில லாஸ் ஏஞ்சலஸ் காட்டுத்தீயை அணைக்க தண்ணி ஊத்திகிட்டிருந்த விமானத்தோட றெக்கைல ஒரு ட்ரோன் ஓட்டை போட்டுது, தீ எரிஞ்சுகிட்டிருக்கற நேரத்துல அந்த விமானம் ரிப்பேருக்கு போக வேண்டியதாச்சு. அதையும் கிளப்பினது தீவிரவாதி ஒண்ணும் இல்ல, தீயை வேடிக்கை பாக்க ஒருத்தர் பறக்கவிட்டது. நம்ம ஸ்டுடியோ தம்பி மாதிரிதான்.

ஏர்போர்ட் பக்கத்துல மட்டும் ஏன் இவ்வளவு கெடுபிடின்னா, அதுக்கு ஒரு சின்ன கணக்கு இருக்கு. பிளைட் இறங்கும்போது பொதுவா 3 டிகிரி சரிவுல வரும். அப்படின்னா ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் சுமார் 52 மீட்டர் உயரம் குறையும். ரன்வே முனைக்கு 8 கிலோமீட்டர் தள்ளி 400 மீட்டருக்கு மேல இருக்கறது, ரெண்டேகால் கிலோமீட்டர் தள்ளி வரும்போது சுமார் 120 மீட்டர்தான். சாதாரண கல்யாண ட்ரோன் பறக்கற அதே 120 மீட்டர். அந்த இடத்துல பைலட் மணிக்கு 250 கிலோமீட்டர் வேகத்துல, சக்கரத்தை இறக்கி, கண்ணை ரன்வே மேல வச்சிருப்பார், எதிர்ல ஒரு சாம்பல் கலர் டப்பா மிதக்குதுன்னு அவர் கண்டுபிடிச்சு ஒதுங்கறதுக்கு நேரமே கிடையாது.

2021 ஆகஸ்ட்ல நம்ம நாட்டுல வந்த ட்ரோன் விதிகளும் ஏர்போர்ட்ல இருந்து எவ்வளவு தூரம்ங்கறதை வச்சுதான் உயரத்தை சொல்லுது. ஏர்போர்ட் சுத்துச்சுவர்ல இருந்து 8 கிலோமீட்டருக்கு வெளிய, 12 கிலோமீட்டருக்குள்ள இருக்கற வளையத்துல 200 அடி, அதாவது 60 மீட்டர் வரைக்கும்தான் பச்சை, அனுமதி கேக்காம பறக்கலாம், அதுக்கு மேல மஞ்சள், ஏடிசி, அதாவது பிளைட்டுக்கு வழி சொல்ற கட்டுப்பாட்டு அறையோட அனுமதி வேணும். 12 கிலோமீட்டர் தாண்டினா 400 அடி வரை பச்சை. முன்னாடி இந்த மஞ்சள் வட்டம் 45 கிலோமீட்டரா இருந்துது, அப்படின்னா களியக்காவிளையே முழுசா உள்ள வந்திருக்கும், நல்லவேளை குறைச்சுட்டாங்க. மேப்ல வச்சு பாத்தா கோவளம் இந்த 8-12 வளையத்துக்குள்ள வருது, பாலராமபுரம் வெளிய. சங்குமுகம்? அது ஏர்போர்ட் மதிலை ஒட்டியே இருக்கு, வளையமாவது ஒண்ணாவது. வடக்க தும்பா ராக்கெட் தளம், அக்குளத்துல விமானப்படையோட தென்பிராந்திய தலைமையகம், நடுவுல பத்மநாபசுவாமி கோயில், திருவனந்தபுரத்துல ட்ரோன் பறக்கவிட நல்ல இடம் தேடறது ஆடி மாசத்துல முகூர்த்தம் தேடற மாதிரி.

தம்பி சொன்ன 249 கிராம் கதையை பத்தி ஒரு வார்த்தை சொல்லிடறேன், ஏன்னா நம்ம பக்கம் எல்லாரும் இதையேதான் சொல்றாங்க. 250 கிராம் வரைக்கும் உள்ளது நானோ வகை, அதுக்கு பைலட் லைசென்ஸ் வேண்டாம், அந்த மாதிரி சில சலுகைதான். சைக்கிளுக்கு லைசென்ஸ் வேண்டாம்ங்கறதுக்காக ரயில்வே தண்டவாளத்துல ஓட்டலாம்னு அர்த்தமா? சிவப்பு வளையம் எந்த எடைக்கும் சிவப்புதான். விதியை மீறினா ஒரு லட்சம் ரூபா வரை அபராதம் போடலாம். அந்த போலீஸ்காரர் பேர் மட்டும் எழுதிட்டு விட்டது எங்க அதிர்ஷ்டம்.

சரி, இப்பம் நிஜ பிரச்சனைக்கு வருவோம். 2018 டிசம்பர் 19ம் தேதி ராத்திரி 9 மணி வாக்குல லண்டன் கேட்விக் ஏர்போர்ட்ல ஒரு செக்யூரிட்டி ஆளு ட்ரோன் பாத்தேன்னு சொன்னார். ரன்வேயை மூடினாங்க. கொஞ்ச நேரத்துல திறக்கலாம்னு பாத்தா இன்னொருத்தர் பாத்தேன்னார். மறுபடி மூடினாங்க. இப்படியே அடுத்த நாள் முழுக்க போச்சு, 21ம் தேதி காலைலதான் ஓரளவு திறந்தாங்க, அன்னைக்கு சாயங்காலமும் கொஞ்ச நேரம் நிறுத்தினாங்க. கிறிஸ்துமஸ் வாரம் வேற. சுமார் 1,000 பிளைட், 1.4 லட்சம் பயணிங்க. ராணுவத்தை கூப்பிட்டாங்க. பக்கத்து ஊர்ல ஒரு புருஷன் பொண்டாட்டியை புடிச்சு வச்சு, ஒண்ணும் இல்லேன்னு விட்டாங்க, பின்னாடி நஷ்டஈடும் வக்கீல் செலவுமா சேர்த்து 2 லட்சம் பவுண்டு போலீஸ் குடுக்க வேண்டி வந்துது. 129 தடவை பாத்ததா புகார் வந்துது, அதுல 109 பைலட், போலீஸ், ஏர்போர்ட் ஊழியர்னு நம்பத்தக்க ஆளுங்க சொன்னதுன்னு போலீஸே சொல்லிச்சு. ஆனா உருப்படியா ஒரு போட்டோ கிடையாது. ட்ரோனும் கிடைக்கல, விட்டவனும் கிடைக்கல. தேடறதுக்காக போலீஸ் விட்ட ட்ரோனையே சில பேர் பாத்து புகார் குடுத்திருக்கலாம்னு அந்த ஊர் போலீஸ் தலைவரே பின்னாடி ஒத்துகிட்டார். யானையை தேட யானை மேல போன கதை.

இதை சிரிச்சுட்டு விட முடியாது. ராத்திரி நேரத்துல வானத்துல ஒரு வெளிச்சம் தெரிஞ்சா அது எவ்வளவு தூரத்துல இருக்கு, எவ்வளவு பெருசுன்னு மனுஷன் கண்ணால சொல்லவே முடியாது. 2023 நவம்பர் 19ம் தேதி இம்பால் ஏர்போர்ட் மேல ஏதோ பறக்குதுன்னு சொல்லி மூணு மணி நேரத்துக்கு மேல வானத்தை மூடி, வந்த பிளைட்டை திருப்பி விட்டாங்க, விமானப்படை ரஃபேல் விமானத்தை கிளப்பி தேடிச்சு, ஒண்ணும் சிக்கல. 2025 செப்டம்பர் 22ம் தேதி கோபன்ஹேகன் கிட்டத்தட்ட நாலு மணி நேரம் மூடிச்சு, அதே ராத்திரி ஆஸ்லோவும், அடுத்த மாசம் மியூனிக். ஒவ்வொரு இடத்துலயும் முதல் மணி நேரத்துல எல்லாரும் கேக்கறது ஒரே கேள்வி: இப்பம் இருக்கா, போயிட்டா?

இங்கதான் எனக்கு ஆறாட்டு ஞாபகம் வருது. தெரியாதவங்களுக்கு சொல்றேன், திருவனந்தபுரம் ஏர்போர்ட்டை வருஷத்துக்கு ரெண்டு தடவை சாமிக்காக மூடுவாங்க. பங்குனிலயும் ஐப்பசிலயும் பத்மநாபசுவாமி கோயில்ல இருந்து சாமியை நீராட்டறதுக்காக ஆறாட்டு ஊர்வலம் கிளம்பி சங்குமுகம் கடலுக்கு போகும், போற வழியில ரன்வே குறுக்க கிடக்கு. 1930கள்ல திருவிதாங்கூர் காலத்துல ஏர்போர்ட் போட்டப்போ ஏற்கனவே அது சாமி போற வழி, அதனால அன்னைல இருந்து இன்னைக்கு வரை சாமிக்குதான் வழி. எங்க தாத்தா காலத்துல நாங்களும் திருவிதாங்கூர்தானே, 1956 நவம்பர்லதான் இந்தப்பக்கம் வந்தோம், அதனால இந்த கதை எங்க வீட்டு கதை மாதிரி. சாயங்காலம் சுமார் அஞ்சு மணி நேரம் ரன்வே மூடிருக்கும், ஆனை, வாள் ஏந்தின ராஜ குடும்பத்து பெரியவர், சாமி வாகனம், ஆயிரக்கணக்கான ஜனம், எல்லாம் ரன்வேயை கடந்து போய் ராத்திரி அதே வழியா திரும்பும். ஒரு பயணி கூட தரையில படுத்து கிடக்கறதில்ல, டிவில பிரேக்கிங் நியூஸ் ஓடறதில்ல. ஏன்னா முன்கூட்டியே எத்தனை மணிக்கு மூடுவோம், எத்தனை மணிக்கு திறப்போம்னு நோட்டாம், அதாவது பைலட்டுங்களுக்கான அறிவிப்பு, போட்டு உலகத்துக்கே சொல்லிடுவாங்க.

கேட்விக்ல அந்த ரெண்டாவது நேரம் யாருக்கும் தெரியல. அதான் முழு நாளும் நாசமா போனதுக்கு காரணம். ஏர்போர்ட்டை மூடறதுக்கு ஒரு ஆளு ஒரு வார்த்தை சொன்னா போதும், திறக்கறதுக்கு "இல்ல" அப்படிங்கறதை நிரூபிக்கணும். இல்லாத பேயை இல்லேன்னு நிரூபிச்சு பாருங்க, தெரியும்.

அந்த "இல்ல"வை சொல்ற கருவிகளுக்குதான் இப்போ உலகம் முழுக்க காசு கொட்டறாங்க. ஏர்போர்ட்ல ஏற்கனவே பெரிய ரேடார் இருக்கே, அதுல தெரியாதான்னா தெரியாது, வேணும்னேதான் தெரியாது. சின்னதா, மெதுவா நகர்ற எல்லாத்தையும் அந்த ரேடார் வடிகட்டி தள்ளிடும், இல்லேன்னா கன்ட்ரோலர் ஸ்க்ரீன் பூரா காக்காயா நிறைஞ்சிடும். பிளைட்டுங்க தானே "நான் இன்னார், இவ்வளவு உயரத்துல இருக்கேன்"னு டிரான்ஸ்பாண்டர் மூலமா கத்திகிட்டே வரும், ட்ரோன் கத்தாது. அதனால ட்ரோனுக்குன்னு தனி ரேடார் வைக்கணும். அதுல பருந்தும் ட்ரோனும் ஒரே அளவு புள்ளிதான், ஆனா ட்ரோனோட றெக்கை நிமிஷத்துக்கு ஆயிரக்கணக்குல சுத்துது, அந்த சுத்து திரும்பி வர்ற அலையில ஒரு நடுக்கமா தெரியும், பருந்து றெக்கை அடிக்கறது வேற மாதிரி தாளம். அந்த தாளத்தை வச்சு பிரிக்கறாங்க. நம்ம பக்கத்து கிருஷ்ணப்பருந்து றெக்கையே அடிக்காம காத்துல மிதக்கும், பெரிய வானொலி கோபுரமும் தென்னந்தோப்பும் நடுவுல மறைக்கும், அப்போ இந்த ரேடாரும் யோசிக்க ஆரம்பிச்சிடும்.

எனக்கு புடிச்ச கருவி ரேடியோவை ஒட்டு கேக்கறதுதான். ட்ரோனும் ரிமோட்டும் பெரும்பாலும் 2.4 இல்லேன்னா 5.8 கிகாஹெர்ட்ஸ்ல பேசிக்கும். அதை நாலஞ்சு இடத்துல ஆன்டெனா வச்சு கேட்டா ட்ரோன் மட்டும் இல்ல, ரிமோட் வச்சிருக்கவன் எந்த மொட்டைமாடில நிக்கறான்னும் கண்டுபிடிக்கலாம். இதோட அருமை அதுலதான், ஏன்னா ட்ரோனை தள்ளினா அந்த ட்ரோன் போகும், ஆளை புடிச்சா விஷயம் முடியும். சிக்கல் என்னன்னா நம்ம வீட்டு வைஃபையும் ப்ளூடூத்தும் அதே 2.4லதான் பேசுது, ஊர் நடுவுல இருக்கற ஏர்போர்ட்ல அது திருவிழா கூட்டத்துல ஒருத்தன் குரலை கேக்கற மாதிரி. இன்னொண்ணு, முன்னாடியே வழியை பதிஞ்சு விட்ட ட்ரோன் ஜிபிஎஸ்ஸை மட்டும் வச்சு வாயே திறக்காம போகும். உக்ரைன் போர்ல மெல்லிசான ஃபைபர் வயரை பின்னாடி விட்டுகிட்டே போற ட்ரோன் வந்துட்டு, அதுல ரேடியோவே இல்ல, ஒட்டு கேக்க ஒண்ணுமே இல்ல. மிச்சம் கேமராவும் மைக்கும். பனி, மழை, ஏர்போர்ட் சத்தம், இதுக்கு நடுவுல அதுங்க துணைக்குதான் ஆகும், தனியா நிக்காது. அதனால நாலையும் சேர்த்து வச்சு, ரெண்டு கருவியாவது ஒத்து சொன்னாதான் ட்ரோன்னு எடுத்துக்கறாங்க.

இருக்குன்னு தெரிஞ்சுட்டு, இப்பம் என்ன பண்ணுவீங்க? சுட்டா என்ன அப்படின்னுதான் எங்க அத்தான் கேட்டார். மேல போன குண்டு கீழ வரணும் இல்லையா அத்தான், ஏர்போர்ட் பக்கத்துல உள்ள வலியதுறைல வீட்டு மேல வரும். கேட்விக்லயும் இதே காரணத்துக்குதான் தயங்கினாங்க. எல்லைல கதை வேற, 2025 மே 8ம் தேதி ராத்திரி பாகிஸ்தான்ல இருந்து 300, 400 ட்ரோன் வந்துதுன்னு அரசாங்கம் சொல்லிச்சு, அங்க பீரங்கியால அடிச்சு தள்ளினாங்க, அந்த நாட்கள்ல வடக்கயும் மேக்கயும் 32 ஏர்போர்ட் வரைக்கும் மூடி வச்சிருந்தாங்க. பயணிங்க உக்காந்திருக்கற பிளைட் பக்கத்துல அந்த வேலை ஆகாது.

சிக்னலை குழப்பற ஜாமர் போட்டா? இது கேக்க ரொம்ப நல்லா இருக்கும், ஆனா ஏர்போர்ட்டே ரேடியோ மேலதான் உயிர் வாழுது. ரன்வேக்கு நேரா பிளைட்டை கூட்டிட்டு வர்ற ஐஎல்எஸ், தூரம் சொல்ற டிஎம்இ, டிரான்ஸ்பாண்டர், ஜிபிஎஸ், எல்லாமே சிக்னல். 2.4ஐ மட்டும் ஜாம் பண்ணினா பெரிய ஆபத்து இல்ல, ஆனா ட்ரோனோட ஜிபிஎஸ்ஸையும் அடிச்சா பிளைட்டோட ஜிபிஎஸ்ஸும் அதே அலைவரிசைதான். 2025 நவம்பர்ல டெல்லி பக்கத்துல பிளைட்டுகளுக்கு போலி ஜிபிஎஸ் சிக்னல் வந்ததா பார்லிமெண்ட்லயே சொன்னாங்க, அந்த மாதிரி ஒண்ணை நாமளே நம்ம ஏர்போர்ட்ல கிளப்பி விடுவோமா?

ஜாமர் பத்தி ஸ்டுடியோ தம்பி சொன்ன ஒரு விஷயம் எந்த கட்டுரையிலயும் நான் பாக்காதது. அவன் ட்ரோன்ல ரிமோட் சிக்னல் கட் ஆனா அது தானா வீட்டுக்கு திரும்பும்படி செட் பண்ணிருக்கான், எல்லாரும் அப்படிதான் வச்சிருப்பாங்களாம். ஆனா திரும்பறதுக்கு முன்னாடி மரம், கட்டடம் தட்டக்கூடாதுன்னு முதல்ல ஒரு குறிப்பிட்ட உயரத்துக்கு நேரா மேல ஏறும். அவன் 80 மீட்டர் வச்சிருக்கான். "அப்பம் நான் 20 மீட்டர்ல பறக்கவிட்டுட்டு இருக்கேன்னு வைங்க, அவிய ஜாமர் போட்டா என் ட்ரோன் 80க்கு ஏறிடும்ணே." பிளைட் வர்ற உயரத்துக்கு நாமளே ஏத்தி விட்டமாதிரி ஆயிடும். கடற்கரைல நின்னுகிட்டு சொன்னான், எனக்கு அங்கயே வேர்த்துட்டு.

இன்னும் நைசான வழி, ட்ரோனோட பாஷைலயே பேசி கன்ட்ரோலை கைக்கு எடுத்து ஓரமா இறக்கிடறது. தெரிஞ்ச மாடலுக்கு அருமையா வேலை செய்யும், வீட்ல ஒருத்தன் சொந்தமா கட்டின ட்ரோனுக்கு அந்த சாவி பொருந்தாது. இன்னொரு ட்ரோனை விட்டு வலை வீசி புடிக்கறது இருக்கு. நம்ம ராணுவ ஆராய்ச்சி நிறுவனம் டிஆர்டிஓ பண்ணின டி4 சிஸ்டத்துல கண்டுபிடிக்கறது, ஜாம் பண்றது, லேசரால சுடறது மூணும் இருக்கு, அரசு கம்பெனி பிஇஎல் தயாரிக்குது, சுதந்திர தினத்துக்கு செங்கோட்டைல வைக்கறாங்க. 2021 ஜூன் 27ம் தேதி ஜம்மு விமானப்படை தளத்துல ராத்திரி ரெண்டு ட்ரோன் குண்டு போட்டுட்டு போனதுக்கு அப்புறம்தான் இதுக்கெல்லாம் வேகம் வந்துது. நெதர்லாந்து போலீஸ் இன்னும் ஒரு படி மேல போய் கழுகுக்கு பயிற்சி குடுத்து ட்ரோனை புடிக்க வச்சாங்க, 2016ல வீடியோ எல்லாம் உலகம் பூரா ஓடிச்சு, அடுத்த வருஷமே நிறுத்திட்டாங்க, செலவு ஜாஸ்தி, கழுகு எப்பவும் சொன்ன பேச்சு கேக்கறதும் இல்லையாம். கழுகை குறை சொல்ல முடியாது.

ஆக எல்லா ஆயுதத்தையும் எடுத்து பாத்தா ஏர்போர்ட்டுக்கு கடைசில மிஞ்சறது ரன்வேயை மூடறதுதான். ஆனா தொல்லை குடுக்கறவனுக்கு வேண்டியதும் அதேதான். இதுக்கு ட்ரோன் கூட தேவையில்ல. 2025 அக்டோபர்ல லிதுவேனியாவோட வில்னியஸ் ஏர்போர்ட் திரும்ப திரும்ப மூடினது பக்கத்து பெலாரஸ்ல இருந்து சிகரெட் கடத்த விட்ட பலூன்களால. நமக்கு இதுல ஆச்சரியமே இல்ல, களியக்காவிளைல ரேஷன் அரிசி பைக்ல, பஸ் சீட்டுக்கு அடில, ஆம்புலன்ஸ்லன்னு எந்த ரூபத்துல எல்லாம் தாண்டும்னு பாத்து வளர்ந்த ஆளுங்க நாம. எல்லைன்னு ஒண்ணு இருந்து ரெண்டு பக்கமும் விலை வேற வேறயா இருந்தா எது வேணும்னாலும் பறக்கும்.

நான் பாத்த வரைக்கும் நிஜமான ஓட்டை கருவியில இல்ல, அதிகாரத்துல. ஏர்போர்ட்டுக்கு உள்ள காவலுக்கு மத்திய படை சிஐஎஸ்எஃப், ரேடார் ஏர்போர்ட் அத்தாரிட்டி கிட்ட, பாதுகாப்பு விதி போடறது பிசிஏஎஸ், நடத்தறது தனியார், மதிலுக்கு வெளிய நகர போலீஸ். ட்ரோன் உள்ள பறக்கும், ரிமோட் வெளிய யாரோட மாடிலயோ இருக்கும். உள்ள இருக்கறவங்க ட்ரோனை பாக்கலாம், ஆளை புடிக்க வெளிய உள்ளவங்க ஓடணும், அதுக்குள்ள அவன் பேட்டரி தீர்ந்து இறக்கி பையில போட்டு டீ குடிக்க போயிருப்பான், பெரும்பாலான சின்ன ட்ரோன் அரை மணி நேரம்தான் பறக்கும். கேரளா போலீஸ் 2021 ஆகஸ்ட்லயே திருவனந்தபுரத்துல ட்ரோன் தடயவியல் லேப் தொடங்கினாங்க, புடிச்ச ட்ரோனோட மெமரியை தோண்டி எங்க கிளம்பிச்சு, யாருதுன்னு பாக்க. நல்ல வேலைதான், ஆனா அது புடிச்சதுக்கு அப்புறம் உள்ள கதை.

முன்னாடி ட்ரோன் கம்பெனியே ஏர்போர்ட் பக்கம் மோட்டாரை ஸ்டார்ட் ஆகவிடாம பூட்டி வச்சிருந்துது. 2025 ஜனவரில பெரிய ட்ரோன் கம்பெனியான டிஜேஐ அமெரிக்காவுல அந்த பூட்டை எடுத்துட்டு வெறும் எச்சரிக்கையா மாத்திடிச்சு, பொறுப்பு ஓட்டறவனோடதுன்னு. அதுக்கு முன்னாடியே அமெரிக்கா ரிமோட் ஐடியை கட்டாயமாக்கிருக்கு, அதாவது ட்ரோனும் பிளைட் மாதிரி "நான் இன்னார், என்னை ஓட்டறவன் இங்க நிக்கறான்"னு கத்திகிட்டே பறக்கணும். நம்ம 2021 விதியிலயும் அனுமதி இல்லாம கிளம்பாத பூட்டு, இருக்கற இடத்தை சொல்ற கருவி, எல்லை வேலி, மூணும் பின்னாடி கட்டாயமாக்கப்படலாம்னு ஒரு வரி இருக்கு. என்னை கேட்டா லேசருக்கு முன்னாடி அந்த ஒரு வரிக்கு உயிர் குடுக்கணும். நல்லவங்க எல்லாரும் கத்திகிட்டே பறந்தா கத்தாத ஒண்ணு தானா தனியா தெரியும், கேட்விக் மாதிரி 129 புகாரை வச்சு குழம்ப வேண்டாம். கெட்டவன் கத்தமாட்டானேன்னு கேப்பீங்க, கத்தமாட்டான்தான், ஆனா சலசலப்புல தொண்ணூறு பங்கு கல்யாண கேமராதான்னா அதை கழிச்சாலே தேடறவனுக்கு பாதி வேலை முடிஞ்சுது.

2025 ஜூன் 14ம் தேதி பிரிட்டிஷ் எஃப்-35பி போர் விமானம் எரிபொருள் குறைஞ்சு திருவனந்தபுரத்துல இறங்கி, பிறகு பழுதாகி, ஜூலை 22 வரைக்கும் அங்கயே நின்னுது இல்லையா, கேரளா டூரிஸமே மீம் போட்டுச்சே, அப்போ ஹெலிகேம் வச்சிருக்க நம்ம பயலுவ எத்தனை பேருக்கு கை அரிச்சிருக்கும்னு நினைச்சா இப்போ எனக்கு வயித்தை கலக்குது. தம்பி கிட்ட கேட்டேன். "அண்ணே அதெல்லாம் கேக்காதீங்க"ன்னு மட்டும் சொன்னான்.

சேவ் த டேட் கதை முடியல. மவ அழுதா, அதனால அடுத்த ஞாயித்துக்கிழமை ஏர்போர்ட்டும் இல்லாத, சிவப்பு வட்டமும் இல்லாத இடமா பாத்து மாத்தூர் தொட்டிப்பாலத்துக்கு போனோம். இந்த தடவை நானே ஆப்பை வாங்கி பாத்தேன், பச்சை. பாலத்து மேல ரெண்டு பேரும் கைய புடிச்சு நடக்க, ட்ரோன் அழகா ஏறி ஒரு வட்டம் அடிச்சுது. ரெண்டாவது வட்டத்துல எங்க இருந்துதான் வந்துதோ, ஒரு பருந்து மேல இருந்து நேரா இறங்கி ஒரே அடி. டச்சுக்காரன் ரெண்டு வருஷம் பயிற்சி குடுத்தும் நிலைக்காத வேலையை அது ரெண்டு செகண்ட்ல முடிச்சுட்டு பறளியாத்து பக்கமா போயிட்டு. றெக்கை ரெண்டும் கேமரா தாங்கியும் போச்சு, பதினோராயிரம் ரூபா. பாதி நான் குடுக்கேன்னு சொல்லிருக்கேன்.